திகைத்துப் போயிருக்கிறோம்

வியாழக்கிழமை, மாலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் வெள்ளைக் கப்பலில் பாய் தைக்கிறவர். கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பதால் இந்தப் பயணத்தில் ஏறாமல் கரையில் நின்றுவிட்டார். கோபக்காரர். வாசலில் காத்திருக்கச் சொன்னால் சத்தம் போடுவார். தயவுசெய்து உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

நேற்றும் இன்றுமாக மூன்று முறை உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முதல் முறை, கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்றார்கள். இரண்டாம் முறை யார் பேசுவது என்று கேட்டார்கள். சொன்ன பிறகும் கூட்டத்திலேயே இருந்தீர்கள். மூன்றாம் முறை நானே வைத்துவிட்டேன். ஒரு சமையல்காரரைக் கட்டிக்கொண்டேன் என்று பதினொரு வருஷமாக உங்களுக்கு மனத்தாங்கல். அது அப்படியே இருக்கட்டும். இப்போது நான் எழுதுவது அண்ணனுக்கு மட்டுமில்லை, கடல் மீட்புத் தலைமையகத்தில் விமானத்துக்கு உத்தரவு போடுகிற அதிகாரிக்கும்தான்.

வெள்ளைக் கப்பலைக் காணவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று பாய்மரம் கொண்ட பயிற்சிக் கப்பல், உள்ளே பத்தொன்பது பேர், அதில் சமையல்காரர் என் வீட்டுக்காரர். இதெல்லாம் உங்கள் மேஜையிலேயே இருக்கும். அதை இரண்டு நாளாகத் தப்பான பக்கத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது அங்கே இருக்காது. தப்பான பக்கத்தைக் காட்டியது நான்தான் என்பதும் இருக்காது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்குக் கப்பலிலிருந்து எங்கள் கடல் மீட்பு அலுவலகத்துக்கு வயர்லெஸ்ஸில் ஒரு செய்தி வந்தது. கப்பலின் கேப்டன் வெளிநாட்டுக்காரர், ஆங்கிலம்தான் பேசுவார். வயர்லெஸ் அறையில் இருக்கிற பெண் காதில் விழுவதை அப்படியே எழுதி என் மேஜைக்கு அனுப்புவாள். நான் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேடல் அதிகாரிக்கு அனுப்புவேன். எட்டு வருஷமாக இதுதான் என் வேலை. அன்றைக்கு வந்த சீட்டில் மொத்தமே ஐந்து சொல். வீ ஆர் டேக்கன் அபேக். மெயின். அதற்குப் பிறகு இரைச்சல்தான் என்று அந்தப் பெண் ஒரு கோடு போட்டிருந்தாள்.

நான் எழுதினேன்: “திகைத்துப் போயிருக்கிறோம். முக்கியமாக —”

அகராதியைக்கூட எடுக்கவில்லை. அந்தச் சொல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்களுக்கு வருகிற கப்பல் கம்பெனிக் கடிதங்களில் வாரத்துக்கு நாலு தடவை வரும்: உங்கள் பதிலைக் கண்டு டேக்கன் அபேக் ஆனோம், உங்கள் தாமதத்தைக் கண்டு டேக்கன் அபேக் ஆனோம். தேடல் அதிகாரி போனில் கூப்பிட்டு, ஆபத்து என்று எடுத்துக்கொள்வதா என்று என்னைக் கேட்டார். நான் சொன்ன பதில் இது: “ஆபத்தெல்லாம் இல்ல சார். எதையோ பாத்து அசந்து போயிருக்காங்க. திமிங்கிலமா இருக்கும்.” சிரித்துக்கொண்டே சொன்னேன், அண்ணா. அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரருடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கமாக வரவேண்டிய அழைப்பு வரவில்லை. எதையோ பார்த்து வியந்த கப்பல் தன் வழியில்தான் போயிருக்கும் என்று அதிகாரி கணக்குப் போட்டார். கப்பல் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதனால் இரண்டு படகுகளையும் தெற்கே அனுப்பினார். இரண்டு நாளாக ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை.

இன்று மத்தியானம் பாய்க்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நடையில் ஒரு நீளப் பெஞ்சு இருக்கிறது. கப்பலில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் இரண்டு நாளாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு எதிரே அறிவிப்புப் பலகையில் என் மொழிபெயர்ப்பை ஒட்டியிருந்தார்கள். பாய்க்காரர் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று அதைப் படித்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, ஆங்கிலத்தில் என்ன வந்தது என்று கேட்டார். சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. என் மேஜையில் இருந்த ஒரு தாளை எடுத்து, கட்டுப் போட்ட கைக்கு முன்னால் பிடித்து, மேஜை விசிறிக்கு முதுகைக் காட்டினார். தாள் முன்னால் புடைத்துக்கொண்டு நின்றது. இதுதான் பாய், இந்தக் கைதான் பாய்மரம், பின்னாலிருந்து காற்று வந்தால் கப்பல் முன்னே ஓடும் என்றார். பிறகு சட்டென்று விசிறியைப் பார்த்துத் திரும்பினார். தாள் பட்டென்று அவர் கைக்கட்டில் அறைந்து ஒட்டிக்கொண்டது. அவர் கையை அசைத்தும் விழவில்லை. “இதாம்மா டேக்கன் அபேக். திகைக்கிறது மனுஷன் இல்ல. கப்பல்.”

ஓடிக்கொண்டிருக்கிற கப்பலுக்குக் காற்று திடீரென்று திசை மாறி, பாய்களின் முகத்தில் அடித்தால் அதற்குக் கடலில் சொல்கிற பேர் அது. பாய்கள் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கப்பல் நின்று, பிறகு பின்னாலேயே போக ஆரம்பிக்கும். சுக்கானைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் போகும். பாய்மரங்களைக் கட்டியிருக்கிற கயிறுகளில் கனமானவை எல்லாம் பின்னாலிருந்து வருகிற காற்றைத் தாங்கத்தான். முன்னாலிருந்து அடித்தால் மரம் முறியும். பாய்மரக் கப்பல்காரர்களின் இந்தப் பேச்சைக் கரையில் இருக்கிறவர்கள் எடுத்து, மனிதர்கள் திடுக்கிட்டு நிற்பதற்குச் சொல்லப் பழகிவிட்டார்கள். நான் படித்தது கரைக்காரர்களின் அர்த்தத்தை மட்டும். கடல் மீட்பு அலுவலகத்தில் எட்டு வருஷம் உட்கார்ந்துகொண்டு.

மெயின் என்றால் முக்கியமாக இல்லை, அண்ணா. அது நடுப் பாய்மரம். வயர்லெஸ் கம்பி அதன் உச்சியில்தான் கட்டியிருக்கும் என்றார் பாய்க்காரர். அதனால்தான் குரல் அங்கேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை மாலை வடக்கிலிருந்து வீசிய காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கியது எங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. மரம் போன கப்பல் தெற்கே போகவே முடியாது. காற்று அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். எங்கே இருக்கக்கூடும் என்று பாய்க்காரர் கடல் வரைபடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

தேடல் அதிகாரியிடம் உடனே ஓடினேன். கெட்டவர் இல்லை. கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் படகுகள் திரும்பி வரவே ஒன்றரை நாள் ஆகும். விமானம் தலைமையகத்தின் கையில். கோப்பில் இருப்பது ‘திகைத்தோம்’ என்கிற தாள், அதற்கு எதிராகப் பாய் தைக்கிறவரின் வாய்ப்பேச்சு எடுபடாது என்கிறார். நாளை சூரியன் மறைவதோடு தேடுவதை நிறுத்த வேண்டும் என்று உங்கள் உத்தரவே வந்திருக்கிறதாம்.

பெஞ்சில் இருப்பவர்களிடம் நான் எதையும் சொல்லவில்லை. கப்பல் தச்சரின் மனைவி தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் ஊற்றிக் கொடுக்கிறாள். நீ உள்ளே இருப்பதுதான் எங்களுக்குத் தெம்பு என்கிறாள். வாங்கிக் குடிக்கிறேன். குடிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பாள்.

அண்ணா, அவரை உங்களுக்குப் பிடிக்க வேண்டாம். மற்றப் பதினெட்டுப் பேருக்காக அனுப்புங்கள், அவரும் அதில் ஒருவராக இருந்துவிட்டுப் போகட்டும். சரியான மொழிபெயர்ப்பைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: “காற்று பாய்களின் முகத்தில் அடித்துப் பின்னுக்குத் தள்ளப்படுகிறோம். நடுப் பாய்மரம் —” உங்களுக்குத் தாள் வேண்டும் என்றால் இதோ தாள். ஆறு மணி பஸ்ஸுக்குப் பாய்க்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

வடக்கே அனுப்புங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


அடுத்த வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். நீங்கள் கடிதத்தை நின்றபடியே படித்ததையும், உடனே போனை எடுத்ததையும் பாய்க்காரர் சொன்னார். அவருக்கு உங்கள் மேல் மரியாதை வந்துவிட்டது. அது லேசில் வராது. வெள்ளிக்கிழமை மத்தியானம் விமானம் கிளம்பி, இருட்டியதும் திரும்பி, சனிக்கிழமை காலை மறுபடி போய்க் கப்பலைப் பார்த்துவிட்டது. பென்சில் வட்டத்தின் ஓரத்தில், ஒரு மரம்கூட இல்லாமல், குளியல் தொட்டி மாதிரி மிதந்துகொண்டிருந்ததாம். பதினெட்டுப் பேர் உயிரோடு வந்தார்கள்.

என் வீட்டுக்காரரும் வந்துவிட்டார்; வீட்டில்தான் இருக்கிறார். உதடு வெடித்திருக்கிறது. உள்ளங்கைகள் இரண்டும் கயிறு உரசித் தோல் உரிந்து கிடக்கின்றன. பகலெல்லாம் தூங்குகிறார். விழித்தால் தண்ணீர் கேட்கிறார். பாதி குடித்துவிட்டு மீதியை யாருக்கோ என்று எடுத்து வைக்கிறார். குடியுங்கள், குழாய் நிறைய இருக்கிறது என்று சொன்னால் குழந்தை மாதிரி தலையாட்டுகிறார். டம்ளரை மட்டும் கொடுப்பதில்லை.

வராமல் போன ஒருவர் தச்சர். நடுப் பாய்மரம் விழுந்தது அவர் தொடையில். மூன்று நாள் இவருடைய சமையலறையில்தான் படுக்க வைத்திருந்தார்கள், அசையாத இடம் அது ஒன்றுதான் என்று. இவர் கரண்டி கரண்டியாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டார். வியாழக்கிழமை கரைக்கு வந்திருந்தால் காலை வெட்டி எடுத்தாவது ஆளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் இவரிடமே சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை நான் சரியாக எழுதியிருந்தால், புதன்கிழமை விமானம், வியாழக்கிழமை கரை. எத்தனை முறை போட்டாலும் இந்தக் கணக்கு ஒன்றாகத்தான் வருகிறது.

முந்தாநாள் இவருடைய கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒரே ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?” என்னைக் கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. என் கை நிற்காமல் துணியைச் சுற்றிக்கொண்டே போனது. வலிக்கிறது, இறுக்கிவிட்டாய் என்று அவர் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

தச்சரின் மனைவி நேற்று வந்தாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடித்தது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகத்தையாவது பார்க்கக் கொடுத்தாயே என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் பாய்க்காரரிடம் கொடுத்தனுப்பிய சீட்டு கிடைத்தது. வருகிற புதன்கிழமை விசாரணை என்றும், செவ்வாய்க்கிழமைத் தாள் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றும், அதை எடுத்துவிட்டு என் இரண்டாவது தாளை அந்த இடத்தில் வைத்துவிடுவீர்கள் என்றும், நீ வாயைத் திறக்காதே என்றும் எழுதியிருந்தீர்கள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு நாலு வரி எழுதினீர்கள், நாலும் என்னைக் காப்பாற்றுகிற வரிகள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தச் சீட்டை எழுதியது தலைமையகத்து அதிகாரி இல்லை, என் அண்ணன் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அப்படிச் செய்துவிடாதீர்கள், அண்ணா. அந்தத் தாளை இருக்கிற இடத்திலேயே விடுங்கள். வயர்லெஸ் அறைப் பெண், தனக்குத்தான் தப்பாகக் காதில் விழுந்திருக்குமோ என்று சாப்பிடாமல் கிடக்கிறாள். தாள் மாறினால், சரியான செய்தி கையில் இருந்தும் தெற்கே அனுப்பியவர் என்று தேடல் அதிகாரி மாட்டிக்கொள்வார். அதெல்லாம் நியாயத்துக்காகச் சொல்கிற காரணங்கள். நியாயத்துக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. பழியோடு எப்படியாவது இருந்துகொள்வேன். தச்சரின் மனைவி கண்ணில் ஒற்றிக்கொண்ட கையோடு என்னால் இருக்க முடியவில்லை.

என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். திமிங்கிலம் என்று சொல்லிச் சிரித்ததையும் எழுதியிருக்கிறேன். வேலை போகும். விசாரணையில் பேர் அடிபடுவதற்கு முன்னால் இவர் என் வாயிலிருந்து கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டு நேரே தச்சர் வீட்டுக்குப் போவேன். இவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. கத்துவாரா, பேசாமல் இருப்பாரா, வெளியே போ என்பாரா? முன்பெல்லாம் என்ன செய்வார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக்கூடிய மனிதராக இருந்தார். இப்போது தெரியவில்லை.

விமானம் அனுப்பியது நீங்கள் என்று இவரிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். பிறகு, உன் அண்ணன் டீ குடிப்பாரா காப்பியா என்று கேட்டார். எனக்கே மறந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டும். காலை பஸ்ஸில் வந்தால் பத்து மணிக்கு இங்கே இருக்கலாம். எனக்காகப் பரிந்து ஒன்றும் பேச வேண்டாம். இவரோடும் பேச வேண்டும் என்றில்லை. நான் சொல்லி முடித்த பிறகு இவர் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அண்ணா. நான் அங்கே இருக்க முடியாது.

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

தங்கை