நாத்தனார் கொண்டுவந்த குருவிப்பெட்டி

மார்ச் 9
எர்கேஜான் மூன்று குருவிப்பெட்டிகளோடு வந்து நிற்கிறாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்குப் பெயர் எர்கேஜான், அதாவது செல்லக்குட்டி! எங்கள் வழக்கப்படி மருமகளாக வந்தவள் நாத்தனார் பெயரைச் சொல்லக்கூடாதே என்று முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான்தான் வைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"எது பிடிக்குதோ நீங்களே எடுத்துக்குங்க அண்ணி." சும்மாவாம். ஆதாயம் இல்லாமல் ஆற்றில் இறங்குகிறவளா இவள்?

மார்ச் 10
ஒரு பெட்டிக்கு வாசல் பெரிது. மைனாக்கள் குடும்பத்தோடு புகுந்துவிடும். இன்னொன்றில் வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி. பக்கத்துத் தோட்டத்துப் பூனை நன்றி சொல்லும். மூன்றாவதன் வாசல் மூன்றே சென்டிமீட்டர், பட்டாணிக்குருவி மட்டும்தான் நுழையும். அதை எடுத்தேன். புழுவையாவது தின்னட்டும். பின்பக்க ஆப்பிள் மரத்தில் கட்டலாம் என்றேன்.

"மரத்துல வேணாம் அண்ணி. வீட்டுச் சுவர்ல, கூரைக்குக் கீழ."

ஏன் சுவர்?

மார்ச் 11
டேப் வைத்துச் சுவரை அளக்கிறாள். பெட்டிக்கு உயரம் பார்க்கிறாளாம். உயரம் சரி. அகலம் எதற்கு? வீட்டையே அளக்கிறாளோ?

மார்ச் 13
விளங்கிவிட்டது.

மே மாதம் இந்தத் தோட்டத்தை, இங்கே நிலம் வாங்கிச் சேர்க்கும் தெமிர்லானுக்கு விற்கிறேன். அவனுக்கு மண் போதும், வீட்டை இடித்துவிடுவான். நான் அஸ்தானா நகரத்தில் மகளோடு போய் இருந்துகொள்வேன். எர்கேஜானிடம் மூச்சு விடவில்லை. இது அவள் அண்ணன் கட்டிய வீடு. அவர் போன பிறகு இதில் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

முட்டை இருக்கும் கூட்டைக் கலைப்பது பாவம். எங்கள் பக்கத்தில் குடிகாரன்கூட அதைச் செய்யமாட்டான். சுவரில் முட்டை இருந்தால் வீடு விழாது. அடிப்பாவி, என்ன மூளை!

மார்ச் 14
நானும் லேசுப்பட்டவள் இல்லை. சுவரிலேயே மாட்டு என்றேன், ஆனால் இடத்தை நான் சொன்னேன். முன்கதவுக்கு நேர் மேலே. நாளெல்லாம் கதவு அடிக்கும், மாலை வெயில் கொளுத்தும். புத்தியுள்ள குருவி வருமா?

ஏப்ரல் 6
வந்துவிட்டது. வாயில் பாசி. இந்தக் குருவியையும் அவள்தான் ஏவிவிட்டாளோ?

ஏப்ரல் 24
ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஏழு முட்டை.

ஏப்ரல் 25
அவளைக் கூப்பிட்டேன். கோப்பை ததும்பத் தேநீர் ஊற்றி வைத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம், அவளுக்குத் தெரியாததா? பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"தெமிர்லான் விஷயத்தை உன்கிட்ட யாரு சொன்னது?"

"அவனேதான். என் தோட்டத்தையும் குடுப்பீங்களான்னு கேட்டு வந்தான்."

"உங்கண்ணன் வீடு உனக்கு வேணும். அதானே?"

"வீட்டை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ண அண்ணி? எனக்குத்தான் ஒண்ணு இருக்கே. நீங்க போயிட்டா எர்கேஜான்னு கூப்பிட யாரு இருக்கா? சண்டை போடவாச்சும் யாரு இருக்கா எனக்கு?"

அழுதாள். நடிப்போ என்று உற்றுப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கும் வந்து தொலைத்தது.

ஏப்ரல் 26
குஞ்சு பறந்த பிறகு வா என்று தெமிர்லானிடம் சொன்னேன். "சரிக்கா" என்றான். அவனும் ஒரு தாய் வளர்த்தவன்தானே.

மே 12
குஞ்சுகள் பசி, பசி என்று ஒரே கத்தல். என்னால் மதியம் தூங்க முடியவில்லை. கதவை மெதுவாகச் சாத்தச் சொல்லி எர்கேஜான் என்னையே அதட்டுகிறாள்.

மே 28
பறந்துவிட்டன. கடைசிக் குஞ்சு ஒரு மணி நேரம் தலையை நீட்டிச் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் கிளம்பியது.

ஜூன் 2
காலையில் பெட்டியை இறக்கிப் பழைய கூட்டைக் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவிப் படியில் காய வைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து எர்கேஜான் ஸ்ட்ராபெரிக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்போது தெமிர்லான் போன் செய்தான்.

"குஞ்செல்லாம் பறந்துடுச்சாக்கா?"

"பறந்துடுச்சுப்பா. ஆனா மறுபடி முட்டை வெச்சிருக்கு."

"எத்தனைக்கா?"

எர்கேஜான் பழச்சாறு வழியும் கைகளைத் தூக்கி விரல்களைக் காட்டினாள்.

"எட்டு," என்றேன்.