பிளந்து பார்த்த பெட்ரோல் குழாய்

மச்சான்,

இன்று காலை ஷெட்டைத் திறந்ததும் பழைய பெட்ரோல் வாசம் முகத்தில் அடித்தது. புதுப் பெட்ரோல் என்றால் மூக்கில் சுள்ளென்று ஏறும். இது வேறு மாதிரி. வார்னிஷ் டப்பாவை மூடாமல் விட்டது போல, கொஞ்சம் புளிப்பாகவும் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. நாம் கட்டிய விமானத்தின் மேல் நீங்கள் போர்த்திவிட்டுப் போன பனியன் துணி அப்படியே கிடந்தது. அதன் மேல் விரல் கனத்துக்குப் பஞ்சு. சுவரில் பஞ்சை ஊதித் தள்ளும் ஏர் கன் தொங்கியது. கை தானாக அதன் பக்கம் போய்த் திரும்பிவிட்டது. துணியைச் சத்தமில்லாமல் சுருட்டி எடுத்து வெளியே கொண்டுபோய் உதறினேன்.

உங்கள் மகள் லீவில் வந்திருக்கிறாள். ஊர் ஊராக விமானம் ஓட்டுகிறவளுக்கு இந்தக் குட்டி விமானத்தின் மேல்தான் கண். "அப்பா போனதுக்கப்பறம் இதை ஆரும் தொடலீங்க மாமா. இந்த லீவுல ஒருக்காப் பறந்து பாத்தறலாமுங்க" என்றாள். அக்கா காதில் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவும் சத்தம் கேட்டது.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆமாம் மச்சான், நானேதான் எழுதுகிறேன். அருள்புரம் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். அக்காவும் நானும் ஒரே பெஞ்சு. அவள் எனக்கு முன்னால் ங வரிசையைத் தாண்டிவிட்டாள், அது வேறு கதை. ஒரு பத்தி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப் போகிறது. ஆறட்டும். உங்களிடம் இருந்த காலமெல்லாம் நீங்கள் வாசிப்பீர்கள், நான் ஸ்பேனரைத் திருப்புவேன். இப்போது இரண்டையும் நானே செய்கிறேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த மரப்பெட்டிகள் வந்து இறங்கிய நாளில் தெருவே நம் நிட்டிங் கம்பெனி வாசலில் நின்றது. இறக்கை, வால், சக்கரம் எல்லாம் தனித்தனியாக வந்தன. "என்னுங் மொதலாளி, இனி பனியனை நீங்களே பறந்து போயிக் குடுத்துட்டு வந்துருவீங்களாட்ட இருக்குது" என்று டீக்கடைக்காரர் கேட்டார். "ஆமாங்க, உங்க டீயை மேல போயித்தான் குடிக்கோணும், இங்க குடிச்சா எறங்க மாட்டீங்குது" என்றீர்கள். அப்படிச் சிரிக்க வைத்த ஆள், பெட்ரோல் குழாய் விஷயம் வந்ததும் மாறிப்போனீர்கள். பெட்டியில் மற்றதெல்லாம் அளவெடுத்து வந்திருந்தது. டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் போகும் குழாயை மட்டும் எதில் போடுவது, எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதைக் கட்டுகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எனக்கு எத்தனையோ தரம் வாசித்துக் காட்டினீர்கள்.

எனக்கு அதில் குழப்பமே இல்லை. நம் மெஷின்களில் எண்ணெயும் காற்றும் போகிற நீலக் குழாய் இருக்கிறதே, கையால் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், அது போதும் என்றேன். "இத்தனை வருசமா ஒரு சொட்டு ஒழுகுனதுண்டா மச்சான்?"

நீங்கள் மறுக்கவில்லை. அக்காவின் ஊறுகாய் பாட்டில்களைக் கேட்காமல் எடுத்துவந்தீர்கள். ஒன்றில் என் நீலக் குழாய்த் துண்டு, ஒன்றில் பைக் கடையில் வாங்கிய கறுப்பு ரப்பர், ஒன்றில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கனத்த ரப்பர் ஓஸ், ஒன்றில் அலுமினியக் குழாய். எல்லாவற்றிலும் பங்கில் பிடித்த பெட்ரோல். இப்போதெல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது எதைத் தின்னும் எதை விடும் என்று பார்த்துத்தான் தீரவேண்டும் என்றீர்கள். தினமும் போய்ப் பார்ப்போம், ஊறவைத்த நெல்லிக்காய் பதமாகிவிட்டதா என்று பார்ப்பது போல. பைக் ரப்பர் இருந்த பாட்டிலில் பெட்ரோல் கறுத்தது. என் நீலக் குழாய் கொழகொழவென்று பருத்து, எடுத்துக் காயவைத்ததும் விறைத்து, வளைத்தால் வெடித்தது.

"மாப்ளே, உங்குளுது ஊறுகா ஆயிப்போச்சு. எடுத்துத் தயிர்ச்சோத்துக்குத் தொட்டுக்குங்க."

"மொதல்ல என்ற பாட்டலைக் கழுவிக் குடுங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா.

ஆக முடிவாயிற்று. ஆடாமல் இருக்கிற இடமெல்லாம் அலுமினியக் குழாய், இஞ்சின் நடுங்குகிற இடத்தில் மட்டும் அந்தக் கனத்த ஓஸ், அதன் மேல் தீத்தாங்கும் உறை. அலுமினியக் குழாயை வளைப்பது சாமானிய வேலையா? கொஞ்சம் அழுத்தினால் நசுங்கிவிடும். உள்ளே நம் மெஷின் எண்ணெயைக் கொஞ்சம் தடவி, மெல்ல மெல்ல வளைத்து, தகடு துளைத்து வரும் இடத்திலெல்லாம் உரசாமல் ரப்பர் வளையம் வைத்து, மாதக்கணக்கில் செய்தோம். நீங்கள் வளைத்த வளைவு ஒவ்வொன்றும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற கொக்கு மாதிரி இருந்தது. மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் ஏர் கன்னால் ஒரு ஊது ஊதினீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதில் தப்பு என்று இந்த ஊரில் யாருக்குத் தோன்றும்? ஷிப்ட் முடிந்தால் மெஷினுக்கு ஏர் அடிப்போம். பிறகு சட்டைக்கு, பிறகு தலைக்கு. "சாப்பாட்டு எலைக்குக்கூட தண்ணி தெளிக்காம ஏர் அடிச்சிருவாரு" என்று அக்கா உங்களைப் பழிப்பாளே.

அனுமதிக் காகிதங்கள் வந்தன. மகளுக்கு லீவு கிடைத்தது. முதல் தடவை அவள்தான் பறக்கப் போகிறாள் என்பது ஆரம்பத்திலிருந்தே பேச்சு. வடக்கே இருக்கிற ஓடுதளத்துக்குக் கொண்டுபோக லாரி பேசியாயிற்று. இறக்கையைக் கழற்றி ஏற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை: இஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைத் தென்னை மரத்தில் கட்டினோம். அவள் உள்ளே உட்கார்ந்தாள். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. முற்றத்துப் புழுதி எழுந்து, கொடியில் கிடந்த வேட்டி பக்கத்துக் காம்பவுண்டுக்குப் போனது. அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நீங்கள் காட்டவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றீர்கள். நேரம் போகப் போக எனக்கும் கேட்டது. சத்தத்தில் ஒரு இறக்கம். தறி ஓடும்போது மின்சாரம் குறைந்தால் இறங்குமே, அப்படி. மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. பிறகு இருமிவிட்டு நின்றது.

அந்த அமைதியை இன்னும் என்னால் கேட்க முடிகிறது மச்சான். அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

இஞ்சினுக்குக் கீழே பெட்ரோலை வடிகட்டும் பில்டர் கிண்ணத்தை நான்தான் கழற்றினேன். அதில் இருந்ததை ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்தேன். நடுவில் நகக்கண் அளவு ஒரு உருண்டை. பெட்ரோல் ஆவியானதும் அது மெல்ல விரிந்தது. ரோஸ் கலர்.

"இதென்னுங்ப்பா?" என்றாள் அவள்.

நீங்கள் நிட்டிங் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். குழாய் மாட்டிய வாரத்தில் நம் மெஷினில் ஓடியது ரோஸ் நூல். ஹாலில் தரையில் கிடக்கும் ஏர் கன்னின் வாய்க்குள் பஞ்சு எப்போதும் அடைந்திருக்கும். நாம் ஊதிய ஊதலில் அது குழாய்க்குள் போய், வளைப்பதற்காகத் தடவிய எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் ஓட ஓட அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு வந்துவிட்டிருக்கிறது. சுத்தம் செய்கிறோம் என்று நினைத்தே அடைத்திருக்கிறோம்.

கிண்ணத்தைக் கழுவி மாட்டி மறுபடி ஓட்டினாள். துளி இறங்காமல் ஓடிற்று. "அவ்வளவுதானுங்ப்பா. பெட்ரோலை விட்டு ரெண்டு தரம் அலசிட்டா எல்லாம் வந்துரும். லாரி நாளைக்கு வருதுங்க" என்றாள். நானும் அவள் கட்சிதான். "அலசிப் போடலாம் மச்சான். அந்த வளைவெல்லாம் இன்னொருக்கா வராதுங்க" என்றேன்.

"கழட்டுங்க மாப்ளே."

"எதைங்?"

"பூராத்தையும்."

அவள் இறங்கி வந்து உங்கள் முன்னால் நின்றாள். "எனக்கு லீவு முடியுதுங்ப்பா. இப்ப விட்டா எப்ப வருவேன்னு தெரியாது. ஓட்டறவ நான். எனக்கே பயமில்ல, உங்களுக்கென்னுங்?"

"தரையில பயந்துக்கோணும் கண்ணு. மேல போயிப் பயந்து பிரயோசனமில்ல" என்றீர்கள். "நம்ம மெஷின்ல ஒரு நூல் அறுந்தா செவப்பு லைட்டு எரிஞ்சு தானா நின்னுக்கும். போயி முடிச்சுப் போட்டா ஆச்சு. இது நின்னா என்ற புள்ளை எங்க நிப்பா?"

குரல் உயரவே இல்லை. நான் கழற்றக் கழற்றக் குழாய்களை வாங்கி வரிசையாகப் பெஞ்சில் வைத்தீர்கள். அலசத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். வைஸில் இறுக்கி ரம்பத்தை வைத்தீர்கள். நான் கையைப் பிடிப்பதற்குள் முதல் வளைவு இரண்டாகிவிட்டது. பிறகு நீளவாக்கில். அந்தக் கொக்குக் கழுத்தை அப்படியே பிளந்தீர்கள் மச்சான். உள்ளே பார்த்தோம். பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

அடுத்தது. அதுவும் சுத்தம். அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசித் துண்டைத் திருப்பிக் காட்டி, "பாத்தீங்களா? ஒரு நூல்கூட இல்ல. பூராம் வந்துருச்சு. நல்லா இருந்ததைப் போயி வெட்டிக் குப்பையாக்கிட்டீங்க" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

நீங்கள் அந்தத் துண்டை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "இப்பத் தெரியுதில்ல கண்ணு. அதுக்குத்தான் வெட்டுனது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போனாள். அக்கா மட்டும் அன்றைக்கு உங்களுக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டாள், நான் பார்த்தேன். புதுக் குழாய் வாங்கி, ஹாலிலிருந்து தள்ளி, வீட்டுப் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி வளைத்தோம். இந்தத் தடவை பெட்ரோலாலேயே அலசி, இரண்டு முனையிலும் மூடி போட்டுத்தான் ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். வளைவு முன்னதைப் போல அழகாக வரவில்லை. உங்களுக்கு அது உறுத்தவே இல்லை.

அடுத்த லீவில் அவள் வந்தாள். வடக்கே அந்த ஓடுதளத்தில் விமானம் தரையை விட்டதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நீங்கள் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தீர்கள், தலையை அதே மாதிரிச் சாய்த்து. அது புள்ளியாகி, சத்தம் தேய்ந்து, காற்று திசை மாறியபோது ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. என் கையை அப்படி இறுக்கினீர்கள். மோதிரம் பதிந்த தடம் வீட்டுக்கு வந்தும் இருந்தது. பிறகு சத்தம் திரும்ப வந்தது, ஒரே சீராக. அவள் இறங்கி வந்தாள். உங்கள் தோளில் இருந்த பஞ்சை எடுத்து ஊதிவிட்டாள். நாம் மூன்று பேரும் சிரித்தோம், இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்குத்தான் ஏன் என்று தெரியவில்லை.

பிறகு நீங்கள் நெஞ்சுவலியில் படுத்தீர்கள், எழவில்லை. அதை எழுத எனக்கு எழுத்துப் போதாது.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தோம். அலுமினியக் குழாயை அவளே கழற்றி அலசி, இரண்டு பக்கமும் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டாள். இஞ்சினை ஒட்டிய ரப்பர் ஓஸ் மட்டும் மிச்சம். வெளியே வெடிப்பில்லை, வளைத்தால் வளைகிறது. அவள் தடவிப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்குதுங்க மாமா" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பாக்கெட்டில் கைவிட்டேன். அன்றைக்கு நீங்கள் பிளந்த குழாயில் ஒரு பாதித் துண்டு அதில் எப்போதும் கிடக்கும், பீடிக்கட்டு இருந்த இடத்தில். அது விரலில் பட்டது. ஓஸைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துக் கத்தியால் நீளவாக்கில் கீறினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். உள்ளே சுத்தம் மச்சான். ஒரு கீறல்கூட இல்லை. இன்னும் சில வருடம் ஓடியிருக்கும்.

நான் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். பிளந்த ஓஸை அவள் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்பத் தெரியுதுங்க மாமா" என்றாள்.

புது ஓஸ் அவள் பையிலேயே இருந்தது. வரும்போதே வாங்கி வந்திருக்கிறாள், சொல்லவில்லை. அதன் மேல் வெள்ளையில் எழுத்தும் எண்ணும் அச்சடித்திருந்தது. "இது என்னைக்குச் செஞ்சதுன்னு போட்டிருக்கும், படிங்க மாமா" என்று நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். இந்த வருடத்து ஓஸ்தான். நீங்கள் இருந்திருந்தால் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருப்பீர்கள்.

மாட்டிவிட்டு, முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். தலையைச் சாய்த்துக் கேட்டேன். இறங்கவில்லை. நாளைக் காலை லாரி வருகிறது. அக்கா சாயங்காலம் ஷெட் வாசல் வரை வந்தாள். இந்தத் தடவை கண்ணை மூட மாட்டாளாம். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் அந்தக் குழாயைத் தன் கையால் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.

இஞ்சின் மூடியை இன்னும் நான் மாட்டவில்லை மச்சான். அக்காவுக்காகத் திறந்து வைத்திருக்கிறேன்.