நீங்கள் திறந்த ஜன்னல்

மேடம்,

இன்று ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். தோல் பதனிடும் டேனரியின் நாற்றம் உடம்போடு வரும் ஆளுக்கு இது பழகிப்போன விஷயம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் மேல்தான் வந்தது.

பாகாயத்தில் உங்கள் கவுன்சிலிங் அறைக்கு முதல் நாள் வேலையிலிருந்து நேராக வந்தேன். கூட வேலை செய்த சேகர் தோல் சுற்றும் டிரம் அருகே விழுந்து இறந்த பிறகு, அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு மூச்சு அடைக்கும்; பாதி ஷிப்டில் வெளியே ஓடிவிடுவேன். இன்னொரு தடவை ஓடினால் வேலை கிடையாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். நான் உட்கார்ந்ததும் நீங்கள் எழுந்து ஜன்னலைத் திறந்தீர்கள். அப்படியே எழுந்து கிளம்பிவிட்டேன்.

மறுவாரம் என் மனைவி பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். மூச்சுப் பயிற்சி தருவீர்கள் என்று நினைத்தேன். போன வாரம் ஏன் எழுந்து போனேன் என்றுதான் கேட்டீர்கள்.

"நாத்தம்னா வாயத் தொறந்து சொல்லுங்க மேடம். மூஞ்சிக்கு நேரா ஜன்னலத் தொறக்காதீங்க."

"ஆமா, எனக்குத் தாங்கல. உங்ககிட்ட கேட்டுட்டுத் தொறந்திருக்கணும். என் தப்புதான்."

படித்தவர் யாரும் அதுவரை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்றுதான் சேகருக்காக அழுதேன். மூச்சை இழுத்து விடுவது, டிரம் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் நிற்பது எல்லாம் அதற்கப்புறம்தான். சில வாரங்களிலேயே முழு ஷிப்டும் நின்றேன். நான் வந்த கடைசி நாளில், "யார் மேல கோவம் வந்தாலும் அவங்ககிட்டயே சொல்லிடுங்க, உள்ள வச்சிப் புழுங்காதீங்க" என்றீர்கள்.

உங்கள் நினைவுக் கூட்டத்தில் ஒரு டாக்டர் உங்கள் மூச்சுப் பயிற்சியை மட்டும் வாய் ஓயாமல் புகழ்ந்தார். எங்கள் டேனரியில் இப்போது அந்தப் பயிற்சியைப் பதிவுசெய்து ஸ்பீக்கரில் போடுகிறார்கள், ஒருத்தனும் குணமாகவில்லை. ஸ்பீக்கர் "என் தப்புதான்" என்று சொல்லுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வரும்போது உங்கள் தங்கை சொன்னார். நான் வந்த அந்த மாதங்களில் உங்களுக்குப் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்களாம். எந்த வாசனையும் ஆகாதாம், தாளித்தால்கூடக் குமட்டுமாம். அதை வருகிறவர்களிடம் சொல்லக்கூடாது என்பது உங்கள் தொழில் முறையாம். அந்த முறையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

நீங்கள் சொன்னபடி உங்களிடமே சொல்கிறேன். எனக்குக் கோபம் மேடம், இன்னும் அடங்கவில்லை. குமட்டுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஜன்னலை நானே எழுந்து திறந்திருப்பேன்.