அன்ரனின் அட்டை

ஹம்பேர்க்
20.07.2006

அன்புள்ள தம்பி ஜெயச்சந்திரனுக்கு யோசேப்பு சொல்லி எழுதுவிப்பது.

நாங்கள் ஜேர்மனிக்கு வந்தது எந்த வருஷம் என்று கேட்டிருந்தீர். எனக்கு வருஷத்தை இலக்கத்தில் சொல்லத் தெரியாது. அப்போது என்ன நடந்தது என்று சொல்லத் தெரியும். அரசாங்கமும் எங்கள் இயக்கப் பெடியளும் பேசுவதற்குத் திம்புவுக்குப் போன கோடை அது. சிவந்த தலைமயிர் ஜேர்மன்காரப் பெடியன் ஒருவன் லண்டனில் டெனிஸ் கிண்ணத்தைத் தூக்கியதை அகதி விடுதியின் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பந்துக்காகக் குப்புற விழுந்து விழுந்து எழும்பினான். வெள்ளைக்காரக் காவலாளி எங்களையும் கட்டிப்பிடித்துக் கொஞ்சினான், நினைவிருக்கிறதா? அதற்கு அடுத்த கிழமைதான் நாங்கள் வந்த கிழக்கு பேர்லின் வழியை அடைத்தார்கள். இலக்கத்தை நீரே பார்த்துப் போட்டுக்கொள்ளும்.

அறையில் யார் எங்கே படுத்தது என்றும் கேட்டிருந்தீர். யன்னல் பக்கம் அன்ரன். கதவுப் பக்கம் நான். எனக்கு மேல்கட்டிலில் விஜயரத்தினம், அவன் காயப்போட்ட ஈரச் சாரம் என் முகத்தில் சொட்டும். வெளிச்சம் வேண்டுமென்று விளக்குக்குக் கீழே நீர்.

இங்கே உலகக் கிண்ணக் கொடிகளைச் சனம் இன்னும் கழற்றி முடிக்கவில்லை. எனக்கு முழங்கால் உளைவு. மனிசி போன பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் புகையிரத நிலையத்தடிக் கடைக்கு வந்து குந்திவிடுகிறேன். கல்லாவில் நிற்கிற பத்மாதான் உம்முடைய கடிதத்தை வாசித்ததும் இதை எழுதுவதும். நீர் நாவல் எழுதுகிறீர் என்று அவள்தான் சொன்னாள். எழுதும். ஆனால் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு தொலைபேசி இல்லை. விசாரிப்பதற்கும் ஒரு நாவல் வேண்டியிருக்கிறது உமக்கு.

யோசேப்பு

(அண்ணை திட்டினாலும் உங்கள் கடிதம் வந்ததில் அவருக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. – பத்மா)


பேர்லின்
29.07.2006

என்றும் அன்புக்குரிய யோசேப்பு அண்ணைக்கு,

திட்டு வந்து சேர்ந்தது, சந்தோஷம். நான் சிவந்த தலைமயிர்ப் பெடியனை மறந்தே போனேன். உங்கள் தலைக்குள் இருப்பதில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் எப்போதோ நாவலாசிரியன் ஆகியிருப்பேன்.

இருபது வருஷமாகத் தொடங்குவேன், மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடும். இந்தமுறை நிற்காது. மகள் லவினியா கணினியில் ஒரு மென்பொருள் போட்டுத் தந்திருக்கிறாள். நாவலை எழுத முன்னமே திட்டம் போடுவதற்கென்று செய்தது. திரையில் ஒரு தக்கைப் பலகை மாதிரித் தெரியும். அதில் ஆளுக்கு ஓர் அட்டை குத்தலாம், சம்பவத்துக்கு ஓர் அட்டை குத்தலாம், இழுத்து இடம் மாற்றலாம். ஆள் அட்டையில் கேள்விகள் இருக்கின்றன. இவன் எதை விரும்புகிறான்? எது தடுக்கிறது? யாருக்கும் சொல்லாதது என்ன? முடிவு என்ன? எல்லாம் நிரப்பினால் அட்டைக்கு நிறம் வரும். அதுவரை சாம்பல்.

நீங்கள் பச்சை. விஜயரத்தினம் மஞ்சள். 'எதிராளி' என்று ஒரு கட்டாய அட்டை கேட்டது, அகதி விசாரணை அதிகாரியைப் போட்டேன், அது சிவப்பு. அன்ரன்தான் இன்னும் சாம்பல். ஊருக்குத் திரும்பிப் போன பிறகு அவன் என்ன நினைத்தான், மனைவியிடம் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. அது இல்லாமல் கடைசிப் பகுதி முழுதும் வெறுமையாகக் கிடக்கிறது.

வருகிற மாதம் கெவலார் மாதா கோவிலுக்குப் போவீர்கள்தானே. அன்ரனின் மனைவி பேர்பெச்சுவாவும் டோர்ட்முண்டில் இருந்து வருவார். நான் கேட்டேன் என்று சொல்லாமல், கதையோடு கதையாக ஒருமுறை கேட்டுப் பாருங்கோ அண்ணை. உங்களிடம் மனம் விட்டுப் பேசுவார்.

பத்மா அக்காவுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி
ஜெயச்சந்திரன்


ஹம்பேர்க்
04.08.2006

தம்பி ஜெயச்சந்திரன்,

பத்மா உம்முடைய கடிதத்தை வாசிக்கும்போது வெள்ளைக்காரி ஒருத்தி மாம்பழத்தை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அவள் போன பிறகு இன்னொருதரம் வாசிக்கச் சொன்னேன்.

அந்த அறையில் நாலு கட்டில். அந்தக் கட்டில்களுக்கு நீர் குத்தியது மூன்று அட்டை. விளக்குக்குக் கீழே படுத்தவன் எங்கே?

எதிராளி என்று அந்த அதிகாரியைப் போட்டீராம். அந்த மனுசன் என்ன செய்தான்? சொன்னதைக் கேட்டான். கவனமாகக் கேட்டான், அதுதான் அன்ரனுக்கு வினையாய்ப் போனது.

நீர் மறந்திருந்தால் நான் சொல்கிறேன். அன்ரனின் தம்பி றெக்ஸ் கடலுக்குப் போகும்போது சட்டையின் உட்பக்கத்தை வெளியே திருப்பித்தான் போடுவான், பொத்தான் வலையில் கொழுவக்கூடாது என்று. நேவி அவனைப் படகோடு கொண்டு போனது. பிறகு கரையில் ஒதுங்கிய உடம்பை அன்ரன் அந்தச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் பிடித்தான். விடுதிக் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு இதைச் சொன்னான். பிறகு எங்களிடம் சொன்னதே இல்லை.

நீர் அந்தக் குசினி மேசையில் இருந்து எல்லாருக்கும் 'கேஸ்' எழுதிக் கொடுத்தீர். அசூல் என்கிற அகதி விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்று. எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பயம் மட்டும் இருந்தது. "யோசேப்பண்ணை, உங்கடை கேஸ் வெறுமையாக் கிடக்கு, திருப்பித்தான் அனுப்புவாங்கள்" என்றீர். அடுத்த நாள் றெக்ஸை எனக்குத் தம்பியாக்கிக் கொண்டு வந்தீர். சட்டையோடு.

"இது அன்ரன்ரையெல்லோ?" என்று நான் கேட்டேன்.

"அன்ரனைப் பவேரியாவுக்கு அனுப்பப் போறாங்களாம். அங்க கேக்கிறவன் வேற, இங்க கேக்கிறவன் வேற. அவனுக்கு என்ன நட்டம்?" என்றீர்.

எழுத்துத் தெரியாதவன் என்றபடியால் நான் பாடமாக்கினேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். எனக்கு அகதி உரிமை கிடைத்தது. மனிசியைக் கூப்பிட்டேன்.

அன்ரனைப் பவேரியாவுக்கு அனுப்பவில்லை. அதே கட்டடம், அதே மனுசன். அவன் வெளியில் வந்து, "சட்டையைச் சொன்ன உடனை அந்தாள் பேனையை மூடி வைச்சிட்டுது, ஏனெண்டு விளங்கேல்லை" என்றான். நீரும் நானும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்த இடத்தில் பத்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இதையும் எழுதவோ அண்ணை?" என்று கேட்டாள். எழுது பிள்ளை என்றேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதுகிறாள்.

அவனுக்கு நிராகரிப்பு வந்தது. பேர்பெச்சுவாவைக் கூப்பிட வழியில்லை. இந்தியன் ஆமி போய், இனிச் சண்டை இல்லை என்று சனம் நம்பிய மாதங்களில் தானாகவே ஊருக்கு விமானம் ஏறினான். அந்த நம்பிக்கை மாரி வரைக்கும் நிற்கவில்லை. அவனும் உயிரோடு நிற்கவில்லை.

அந்தப் பிள்ளை பேர்பெச்சுவா பிறகு ஏஜென்சிக்காரனைப் பிடித்துத் தனியாக வந்து சேர்ந்து, ஒவ்வொரு ஆவணியும் கெவலாரில் எனக்கென்று புட்டும் மீன்பொரியலும் கட்டிக்கொண்டு வருகிறாள். "இவர் எங்கடை அவரின்ரை சிநேகிதர்" என்று மற்றவர்களுக்குக் காட்டுவாள். நான் சாப்பிடுவேன். பின்னேரம் பஸ்ஸில் நெஞ்சு அடைக்கும். மனிசி இருந்த காலத்தில் வாயு என்று இஞ்சி தருவாள்.

நீர் அவளிடம் கதையோடு கதையாகக் கேட்கச் சொல்கிறீர். ஏலாது. கேட்பதென்றால் முதலில் சொல்ல வேண்டும்.

யோசேப்பு


பேர்லின்
08.08.2006

அன்புள்ள யோசேப்பு அண்ணை,

வேலைக்குப் போகும்போது சுரங்க ரயிலில் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். இறங்க வேண்டிய இடம் போய், அதற்கு அடுத்ததும் போய்விட்டது.

அன்று இரவே நாலாவது அட்டையைக் குத்தினேன். 'எதை விரும்புகிறான்' என்ற இடத்தில் 'எல்லாரையும் காப்பாற்ற' என்று அடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழித்தேன். பொய். அன்ரன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு றெக்ஸைப் பற்றிச் சொன்னபோது எனக்குத் துக்கம் வரவில்லை அண்ணை. என்ன அருமையான இடம் இந்தச் சட்டை, இதை எழுதாமல் விடக்கூடாது என்றுதான் வந்தது. எழுதக் கிடைத்த முதல் தாள் உங்கள் கேஸ். அவ்வளவுதான். அன்ரனுக்குப் பவேரியா என்று யாரோ சொன்னதை நான் நம்ப விரும்பினேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன். சட்டைச் சம்பவ அட்டையை உங்கள் பெயரோடும் அன்ரனின் பெயரோடும் கோத்துப் பார்த்தேன். மூலையில் சிவப்புக் குறி ஒன்று விழுந்தது. இந்தச் சம்பவம் இரண்டு பேரிடம் இருக்கிறது, ஒருவரைத் தெரிவு செய்யவும் என்று கேட்டது. கீழே உங்கள் இருவரின் பெயரும். நான் கணினியை மூடிவிட்டேன்.

சட்டைக்குப் பதிலாக வேறு ஏதாவது வைக்கலாமா என்று யோசித்தேன். மோதிரம், தழும்பு. வைத்துப் பார்த்தால் நாவல் செத்துக் கிடக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேர்பெச்சுவாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம். நான் எழுதி முடிக்கிறேன், எங்கள் இரண்டு பேரையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். புத்தகம் வந்த பிறகு வாசித்து அறியட்டும். இப்போது சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார். எனக்கு அறுபத்தொரு வயது அண்ணை. இதைவிட வேறு நாவல் எனக்குள் இல்லை.

கெஞ்சிக் கேட்கும்
ஜெயச்சந்திரன்


ஹம்பேர்க்
15.08.2006

தம்பி ஜெயச்சந்திரன்,

உம்முடைய கடிதம் வர முன்னமே நான் கெவலாருக்குப் போய்விட்டேன் என்று சொல்லலாம். ஆனால் வந்து சேர்ந்தது. பத்மா வாசித்தாள். அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினேன்.

பூசை முடிந்து, மெழுகுதிரிக் கோவிலுக்குப் பின்பக்கம் மர நிழலில் குந்துவதற்கு வாங்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அங்கேதான். பேர்பெச்சுவா பார்சலை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"பிள்ளை, அதைக் கட்டி வை. நான் ஒண்டு சொல்லவேணும்."

"ஆறிப்போகும் அண்ணை. சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோவன்."

"சாப்பிட்டா சொல்ல ஏலாது."

"என்ன, கலியாணம் கிலியாணம் செய்யப் போறியளோ?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். உம்மை முன்னால் விட்டு நான் பின்னால் ஒளிக்கவில்லை. எழுதியது நீர், எழுதியது அன்ரனுடையது என்று தெரிந்துகொண்டு பாடமாக்கியது நான். உம்முடைய நாவலையும் சொன்னேன், அட்டைகளையும் சொன்னேன். அன்ரனின் அட்டை சாம்பலாக நிற்பதையும் சொன்னேன். அவள் பார்சலின் மேல் கையை வைத்தபடி இருந்தாள். பக்கத்தில் பிள்ளைகள் ஐஸ்கிறீமுக்கு அழுதுகொண்டு ஓடின.

"நீங்கள் சொல்லேக்க அந்த அதிகாரி நம்பினவனோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. மொழிபெயர்ப்பாளர் சட்டையைச் சொன்ன உடனை எழும்பி யன்னலைத் திறந்தவன். எனக்குத் தண்ணி தந்தவன்."

"எங்கடை அவருக்குத் தண்ணி குடுத்தவனோ?"

"தெரியாது."

"பேனையை மூடினவன் எண்டு எனக்கும் சொன்னவர்."

பிறகு சொன்னாள், "ஊருக்கு வந்தாப்போல அவர் என்ன சொன்னவர் தெரியுமோ அண்ணை? 'யோசேப்பண்ணை எழுத்துத் தெரியாத மனுசன், அவரே வடிவாச் சொல்லிப்போட்டார். எனக்கு என்ரை தம்பியைப் பற்றிச் சொல்லத் தெரியேல்லை. என்ரை வாய் சரியில்லை, அதாலதான் உன்னைக் கூப்பிட ஏலாமப் போச்சு' எண்டு. கடைசி மட்டும் தன்னைத்தான் ஏசினவர். நானும் ஒருக்கால், கோவத்திலை, 'ஓம், உங்களுக்கு ஒண்டும் ஒழுங்காச் சொல்லத் தெரியாது' எண்டு சொல்லிப்போட்டன்."

தம்பி, நான் அவளுக்கு என்ன சொல்லலாம்? ஒன்றும் வரவில்லை. விசாரணையில் மட்டும் எனக்கு எல்லாம் வந்தது.

அவள் அழவில்லை. பார்சலைத் திரும்ப இறுக்கிக் கட்டித் தன் பைக்குள் வைத்தாள். எழும்பினாள். "நான் இப்ப சொன்னதையும் அவருக்கு எழுதுங்கோ" என்றாள். "எழுதிப்போட்டு, அட்டையிலை ஏத்த முதல் டோர்ட்முண்டுக்கு வந்து என்னட்டைக் கேக்கச் சொல்லுங்கோ. புத்தகத்திலை இல்லை. வீட்டை வந்து, முகத்தைப் பாத்து."

"குடுப்பியோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணை. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டு எடுக்கேல்லையே. கேட்டாப் பிறகுதான் எனக்கே தெரியும்."

டோர்ட்முண்ட் பஸ் நிற்கும் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற வருஷங்களில் பஸ் கிளம்பும் மட்டும் யன்னலால் கை காட்டுவாள். எனக்கு அன்று வயிறு காய்ந்துதான் கிடந்தது, ஆனாலும் அதே நெஞ்சடைப்பு வழியெல்லாம்.

அவள் எழுதச் சொன்னபடியால் எழுதுவித்தேன். இல்லாவிட்டால் இதையும் நான் எடுத்து உமக்குத் தந்தவன் ஆகியிருப்பேன். இனி என்னிடம் கேள்வி அனுப்ப வேண்டாம். கோபமில்லை. நான் பாடமாக்கிய றெக்ஸ் எத்தனையோ வருஷம் என் தம்பியாகவே என்னோடு இருந்துவிட்டான். இப்போது அவனைப் பற்றி நான் வாய் திறந்தால், எது அன்ரன் சொன்னது, எது நீர் எழுதியது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு காலமும் என் நினைவை எல்லாரும் மெச்சினார்கள். பார்த்தீரா அதன் இலட்சணத்தை.

றெக்ஸ் இல்லை. அவர்களின் தாய்மனுசி மடுக் கோவிலில் அகதியாய்க் கிடந்தே முடிந்து போனா. அன்ரன் இல்லை. குசினியில் எங்களோடு உருளைக்கிழங்கு உரித்த விஜயரத்தினத்தை ரொறன்ரோவில் பனிக்குள் தாட்டார்கள். நீரும் நானும் இருக்கிறோம், ஆனால் நாங்கள் எடுத்தவர்கள், எங்களை எண்ண வேண்டாம். தரவோ, தரமாட்டேன் என்று கதவைச் சாத்தவோ உரிமையுள்ளவர்களில் இன்றைக்கு உயிரோடு மிஞ்சி இருப்பது ஒருத்திதான், பேர்பெச்சுவா.

யோசேப்பு