நைஜலின் நாடகத்துக்குச் செய்த கதவு

லிங்கி,
11 அக்டோபர்

அன்புள்ள மகள் குளோரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். கூச்சிங்கில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். உன் புதிய எண் என்னிடம் இல்லை. முகவரியைத் தம்பி நைஜல் கொடுத்தான். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியும்.

மழை தொடங்கிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. செண்டாயான் தொழிற்சாலையில் எனக்கு மார்ச் வரைதான் வேலை. அதன் பிறகு ஓய்வு.

தம்பி லோபாக்கில் ஓர் இளையோர் நாடகக் குழுவில் இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். மொத்தம் பதினொரு பேர். ஆண்டுக்கு ஒருமுறை ஆளுக்கொரு பத்து நிமிட நாடகம் எழுத வேண்டும், அதில் ஆறு மேடையேறும். எழுதியவர் தன் நாடகத்தில் நடிக்கக் கூடாது. யார் எதை எழுதினார் என்பதை ஆறும் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். அதுவரை எல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக் கதை என்று நிம்மதியாகப் பார்க்கலாம்.

ஆகஸ்டில் நைஜல் என்னிடம் நிலையோடு ஒரு கதவு கேட்டான். திறந்து மூட வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்றான். எந்த நாடகத்துக்கு என்று கேட்டேன், சொல்லக் கூடாது என்றான். அளவுக்கு நம் முன்கதவையே எடுத்துக்கொண்டேன். அகலம் இரண்டடி ஒன்பது அங்குலம். வீட்டுக் கதவுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் மிச்சமிருந்தது, அதையே அடித்தேன்.

போன ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு இங்கே லிங்கியில் நாடகம். மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள். இரண்டாவது நாடகத்தில் ஓய்வுபெற்ற தோட்ட மண்டோர் ஒருவர், வேலையாட்களைக் கூப்பிட்ட பழக்கத்தில், தினமும் காலையில் மருமகள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

நான்காவதுக்குத்தான் என் கதவைத் தூக்கி வந்து வைத்தார்கள். மகள் வேடத்தில் பஞ்சாலை என்ற பெண் ஒரு பையோடு வந்து, கதவுக்கு வெளியே குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். அம்மாவின் சிரிப்பு நின்றது. உள்ளே அப்பா வேடத்தில் சத்தியசீலன் என்ற பையன், மையில் வரைந்த மீசையோடு வந்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். போய்விடு என்றான். அவள் மூன்று முறை தட்டினாள்.

அம்மா எழுந்து நின்றாள். "அவரு சாத்தல. நான்தான் சாத்துனேன்" என்றாள்.

சிலர் இதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர், "உக்காருங்க ஆன்ட்டி, நாடகம் ஓடுதுலா" என்றார். பஞ்சாலை ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அம்மாவைப் பார்த்து, "அப்ப ஏன் தொறக்கல?" என்று கேட்டாள். அது எழுதிய வசனம் இல்லை என்று நைஜல் பிறகு சொன்னான். அம்மா உட்கார்ந்தாள். விளக்கை அணைத்தார்கள். இரண்டு நாடகம் மீதி இருக்கும்போதே அது யார் வீட்டுக் கதை என்று மண்டபத்துக்கே தெரிந்துவிட்டது.

திரும்பும்போது காரில் நைஜலிடம் கேட்டேன். நீ வந்த அன்றைக்கு அவன் டியூஷனில் இருந்தவன். "அக்கா சொன்னபடிதான் எழுதுனேன் டாடி" என்றான். நீ அப்படித்தான் சொல்லியிருப்பாய். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிறு. மாதா கோயிலில் இல்லாமல் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடித்து, ஹேமநாதனைச் சாலையோரம் காரில் இருக்கச் சொல்லிவிட்டு நீ மட்டும் வந்தாய். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாய். நீ நிமிர்வதற்குள் அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நீ தட்டினாய். அம்மா வாயில் சேலையை அடைத்துக்கொண்டு நின்றாள். பேசியது நான். "போயிடும்மா, மழை வருது" என்றேன். உனக்குக் கேட்டது என் குரல் மட்டும்.

நீ என்மேல்தான் கோபமாக இருக்கிறாய் என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை. அம்மாவுக்குப் பழி வேண்டாம் என்றுதான் பேசாமலிருந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் இந்தக் கதவைச் செய்து முடித்து நிறுத்திப் பார்த்தபோது, அன்று நான் நின்ற தூரத்தில் நின்று கையை நீட்டினேன். தாழ்ப்பாள் எட்டியது. சாத்தியது அம்மா. திறக்காதது நான். நைஜலின் நாடகத்தில் பாதிதான் தப்பு.

நவம்பர் பதினாறு, ஞாயிறு, லிங்கியிலேயே மறுபடியும் போடுகிறார்கள். அந்த நாடகத்தை எடுத்துவிடலாமா என்று குழுவில் கேட்டார்கள். அம்மா எடுக்க வேண்டாம் என்றாள். உள்ளதைப் போடு, அம்மா சாத்துகிற மாதிரி எழுது என்று நைஜலிடம் சொல்லிவிட்டாள். பஞ்சாலை கேட்ட கேள்வியும் இருக்கட்டும் என்றாள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று நைஜல் கேட்டதற்கு மட்டும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை முடிக்கும்முன் அம்மாவிடம், உன் பங்குக்கு என்ன எழுத என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டாவது தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் பேசினாள். "வந்தா வெளிய நின்னு சப்பாத்தெல்லாம் கழட்ட வேணாம். அப்படியே உள்ள வரச் சொல்லுங்க."

மாப்பிள்ளைக்கும் அதையே சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் வழியெல்லாம் காக்கட்டும்.

அன்புடன்,
அப்பா
ஆம்புரோஸ்