வெற்றித்தூணின் அடியில் அடைபட்ட சுருங்கை

நலம் சூழ்க. ஏழாற்று நாட்டின் இறைவர், வடகரைப் போரில் வாகை சூடியவர், கோ வெண்கொற்றர் தங்கியிருக்கும் மேற்குப் பாசறைக்கு, தலைநகர் நெடுங்குன்றையிலிருந்து அமைச்சன் நேமியன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் வாளும் குடையும் நீடு நிலைபெறுக. மழை பொழிக என்று வாழ்த்தும் வழக்கம் மட்டும் இதில் வேண்டுமென்றே விடப்பட்டது. இங்கே ஆறு நாளாக மழை ஓயவில்லை.

களஞ்சிய முற்றத்தில் இடுப்பளவு நீர் நிற்கிறது. பன்னிரண்டு ஊர்களின் விதைநெல் முழுவதும் அக்களஞ்சியத்தில்தான் இருக்கிறது. நீர் கதவுப்படியைக் கடந்தால் நெல் நனைந்து அழுகும். வரும் பருவத்தில் விதைக்க ஒரு பிடியும் மிஞ்சாது. நாற்பது பேர் இரண்டு நாளாக இறைகூடை பிடித்தும் இறைத்ததைவிடப் பெய்ததே மிகுதி.

முற்றத்து நீரை அகழிக்குக் கொண்டுசெல்லும் நிலத்தடிச் சுருங்கையைச் சோதிக்குமாறு நீர்க்கண்காணி எயினன் பூதனை அமைச்சன் ஏவினான். அகழிப்பக்க வாயில் வண்டல் இல்லை. ஆயினும் ஒரு சொட்டும் வரவில்லை. பூதன் மூங்கில்களை ஒன்றோடொன்று கட்டி முற்றத்துக் குழி வழியே செலுத்தினான். முப்பத்தொரு முழத்தில் முட்டி நின்றது. மறுமுனையிலிருந்து செலுத்தியபோதும் அதே இடத்தில் தட்டியது. பிறகு அந்த அளவுக்குக் கயிறு பிடித்து முற்றத்து நீரில் நடந்தான். கயிறு முடிந்த இடத்தில் நின்றான். அமைச்சன் நிமிர்ந்து பார்த்தான். எதிரே தங்கள் வெற்றித்தூண். அதன் பாரம் தாங்காமல் சுருங்கையின் மூடுகற்கள் உடைந்து உள்ளே விழுந்திருக்கின்றன.

சென்ற ஆண்டு தூணுக்கு இடம் குறித்தபோது, கீழே சுருங்கை ஓடுவதால் பத்து முழம் தள்ளி நடுமாறு இதே பூதன் வேண்டினான். அரசரின் புகழை வாய்க்கால் பார்த்து நடுவதோ என்று சபை நடுவே அவனை எள்ளி நகைத்து அமர்த்தியவன் நேமியனே. அதை நினைக்க இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது. பூதன் ஒரு சொல்லும் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

வேறு வாய்க்கால் வெட்டலாமெனில் இருபுறமும் பாறை. தூணைச் சாய்த்து உடைகற்களை அள்ளினாலன்றி நீர் இறங்காது என்கிறான் பூதன். தூணில் கைவைத்தவன் குடியோடு நாடு நீங்கவேண்டும் என்பதோ தங்கள் ஆணை. விலக்கு வேண்டி விடுத்த இரண்டு ஓலைகளுக்கும் மறுமொழி இல்லை. பெருக்கெடுத்த ஆறு தூதரை மறித்ததோ, அறியோம். படி மூழ்க இன்னும் நான்கு விரலே இருக்கிறது. இறைப்பவர் கைகளில் தோல் இல்லை.

அரசர் பொறுத்தருள்க, இனிக் காத்திருக்க இயலாது. தூணில் வடம் கட்டியாயிற்று. ஆட்கள் அஞ்சி விலகி நிற்கின்றனர். இவ்வோலையைக் கட்டியதும் அமைச்சன் நீரில் இறங்கி முதல் வடத்தைத் தானே இழுப்பான்.

தூணைச் சாய்த்தது நேமியனின் கட்டளை என்றும், பூதனும் வடம் பிடித்தோரும் குற்றமற்றோர் என்றும் யாவரும் அறிக. நாடு நீங்கவேண்டிய குடி நேமியனின் குடி ஒன்றே. அவன் மனைவி மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். இதற்குச் சான்றாக அமைச்சு முத்திரை இடப்பட்டது. இட்ட மோதிரமும் ஓலையோடு கட்டி அனுப்பப்படுகிறது. அதை அணியத் தக்கவரை அரசர் தேர்ந்துகொள்க.