அண்ணன் தொட்டுவிட்டு வைத்த புத்தகம்

பென்சில்வேனியா
9 பிப்ரவரி 1998

அன்புள்ள டைட்டஸ் அண்ணனுக்கு,

லவீனா போய் நான்கு மாதம் ஆகிறது. பிள்ளைகள் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். மூத்தவள் கொடுத்த பீட்ரூட் ஊறுகாயை வாயில் வைக்க முடியவில்லை. "அம்மா செஞ்ச மாதிரியேதாம்ப்பா செஞ்சேன்" என்கிறாள். தின்றுவிட்டேன், வேறென்ன செய்ய.

பண்ணையை இளையவன் பார்த்துக்கொள்கிறான். அவன் வீட்டை ஒட்டிக் கட்டிய இந்தப் பக்க வீட்டில் எனக்கு எதற்கு இரண்டு அறை? தெற்கு அறையில் அடுப்பு வைத்துப் புகைபோக்கியையும் சரிசெய்துவிட்டேன். நீ வந்துவிடு. அண்ணியும் இல்லாமல் மிசௌரியில் தனியாக என்ன செய்கிறாய்? நீ ஊரைவிட்டுப் போய் ஐம்பது வருடம் ஆகிறது. சாவுக்கு மட்டும்தான் வருகிறாய், மண் போட்டதும் கிளம்பிவிடுகிறாய். எனக்கு வருத்தம்தான்.

வயதாகிவிட்டதால் போன மாதம் பிரசங்கத்திலிருந்து விலகிக்கொண்டேன், இனி பெயருக்குத்தான் போதகன். வைக்கோல் காய்கிற நேரம் பார்த்து யாராவது சாவார்கள். நான் குதிரையைப் பூட்டிக்கொண்டு அடக்கம் செய்யப் போவேன். லவீனா பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மழைக்கு முன் வைக்கோலை அள்ளுவாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், "அத்தனை பேர்ல ஏன் உங்களையே?" என்று. கடவுள் எடுத்த சீட்டு, எனக்கென்ன தெரியும் என்றேன்.

அவள் அடக்கத்துக்கு மகன் வில்மரும் வந்திருந்தான். சாலையோரம் காரை நிறுத்தி அதன் பக்கத்திலேயே நின்றான், கல்லறைப் பக்கம் வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன். "பசியில்லப்பா" என்றான். குதிரை வண்டியை விட்டு, நம் சபையில் கூடாத கார் வாங்கியதற்காக அவனைச் சபையைவிட்டு விலக்கிய தீர்மானத்தை இருபத்திரண்டு வருடத்துக்கு முன் வாசித்தவன் நான்தானே. அன்று அவன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஈஸ்டர் திருவிருந்துக்கு முன் வந்துவிடு. ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

உன் தம்பி,
ஆமோஸ்

மிசௌரி
2 மார்ச் 1998

அன்புத் தம்பி ஆமோஸுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே சட்டைகளைப் பெட்டியில் வைத்துவிட்டேன். பிறகு வெளியே எடுத்துவிட்டேன்.

இருபத்தாறு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவன், உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. ஒருமுறை அக்கா தங்கை இருவரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினேன். அக்கா ஒரு வாளியைத் தூக்கிப் பார்த்தாள், கனமாக இருந்தது. சத்தமில்லாமல் வைத்துவிட்டு லேசானதை எடுத்துக்கொண்டாள். தங்கை பின்னால் வந்தாள், மிச்சமிருந்ததைத் தூக்கினாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை.

1947இல் போதகருக்குச் சீட்டு எடுத்த நாளை நினைத்துப் பார். மேசையில் எட்டுப் பாட்டுப் புத்தகங்கள், எல்லாம் ஒரே மாதிரி, நூல் கட்டியவை. ஒன்றுக்குள் மட்டும் சீட்டு. அது யார் கையில் வருகிறதோ அவன் சாகும்வரை போதகன், கூலி கிடையாது, மாட்டேன் என்று சொல்லவும் கூடாது. வயது வரிசையில் போனோம். எனக்கு அடுத்தவன் நீ.

நான் முதலில் கை வைத்த புத்தகத்தில் நூல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. நடுவில் தாள்கள் ஒட்டாமல் இடைவெளி விட்டிருந்ததைக் கட்டைவிரல் உணர்ந்தது. அதை விட்டுவிட்டுப் பக்கத்துப் புத்தகத்தை எடுத்தேன். நான் விட்டதை நீ எடுத்தாய். பிஷப் உன் புத்தகத்தைப் பிரித்ததும் பெண்கள் பக்கத்தில் லவீனா அழுத சத்தம் கேட்டது. மறுவருடமே ஊரைவிட்டு வந்தேன். நிலம் மலிவு என்று எல்லோரிடமும் சொன்னேன்.

திருவிருந்துக்கு முந்தின கூட்டத்தில் கடவுளோடும் மனிதரோடும் சமாதானமா என்று கேட்கும்போதெல்லாம் ஆமென்று சொல்லி வந்திருக்கிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது. மறுநாளே புறப்படுகிறேன்.

உன் அண்ணன்,
டைட்டஸ்

பென்சில்வேனியா
14 மார்ச் 1998

டைட்டஸுக்கு,

மன்னித்தேன். நம் முறைப்படி மன்னித்தாக வேண்டும். இந்த வரியை உங்கள் போதகரிடம் காட்டித் திருவிருந்தில் சேர்ந்துகொள்.

இங்கே வராதே.

எனக்குப் பேச வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன். இரவெல்லாம் வேதத்தை வைத்துக்கொண்டு மாட்டுத்தொழுவத்தில் தனியாகப் பேசிப் பழகினேன். ஒவ்வொரு முறை எழுந்து நிற்கும்போதும் முதல் வசனமே மறந்துபோகும். என்னைக் கடவுள்தான் எடுத்தார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தைரியத்தில்தான் வில்மர் பெயரையும் வாசித்தேன். இல்லாவிட்டால் எந்த அப்பன் வாசிப்பான்? இப்போது அது உன் கட்டைவிரல் என்கிறாய்.

உன்னால் இதைக் குழிவரை சுமந்திருக்க முடியும். நானும் தெரியாமலே போயிருப்பேன். உனக்கு மனம் லேசாக வேண்டும் என்று எழுதிவிட்டாய். இந்தத் தடவையும் கனமான வாளி எனக்குத்தான்.

தெற்கு அறையை வில்மருக்குக் கொடுக்கப்போகிறேன். நடந்ததை எல்லாம் எழுதி, காரோடு வா என்று கடிதம் போட்டுவிட்டேன். சபை என்ன செய்கிறதோ செய்யட்டும்.

ஆமோஸ்

பென்சில்வேனியா
6 ஏப்ரல் 1998

டைட்டஸுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை. இதுவே நான் எழுதும் கடைசிக் கடிதம். நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை வில்மர் வந்தான். காரை வாசல்வரை கொண்டுவந்தான். தெற்கு அறையைக் காட்டினேன். அடுப்பைத் திறந்து பார்த்தான், புகைபோக்கி நன்றாக இருக்கிறது என்றான். உட்காரவில்லை. உன் விஷயத்தை மறுபடி சொன்னேன். "சீட்டைக் கடவுள் எடுக்கல, உன் பெரியப்பா தள்ளிவிட்டது" என்றேன்.

"கடவுள் கொடுத்தாரோ பெரியப்பா கொடுத்தாரோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. அன்னைக்கு என் பேரை வாசிச்ச குரல் உங்களோடது" என்றான்.

பின்னாலேயே வாசல்வரை போனேன். அம்மாவின் கல்லறைக்கு எந்த வழி என்று கேட்டான். சொன்னேன்.

நேற்று கூட்டத்தில் ஒவ்வொருவராகச் சமாதானமா என்று கேட்டு வந்தார்கள். என் முறை வந்தது. இத்தனை வருடம் மற்றவர்களை அதைக் கேட்டவன் நான். எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அங்கே உன்னைக் கேட்டால் நீ ஆமென்று சொல்லலாம்.

ஆமோஸ்